கடைகளுக்கு மேலே ஒரு குடித்தனம்

(மும்பையில் நடந்த நம் சங்க உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழைய மாட்டுங்காவைப் பற்றி அரை மணி நேரம் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். மாட்டுங்கா என்றவுடன் நம்மவர்கள் ஆஸ்திக சமாஜம், பஜன சமாஜம், சங்கர மடம், சண்முகானந்தா ஹால் என்று ஆரம்பித்துவிடுவார்கள். அவற்றைப் பற்றிப் பேசத் தகுதி உள்ளவர்கள் இங்கேயே பலர் இருக்கிறார்கள். நான் பேசப் போவது அந்தத் தெருக்களில் இருந்த கடைகளைப் பற்றியும், அவற்றுக்கு மேலே குடியிருந்த எங்களைப் பற்றியும்தான். இதில் இன்றைக்கும் நமக்கு உபயோகமான ஒரு விஷயம் இருக்கிறது. அதைக் கடைசியில் விண்ணப்பமாகவே வைக்கிறேன்.

முதலில் கொஞ்சம் சரித்திரம். 1896-ல் பம்பாயில் பிளேக் நோய் பரவியது. காற்றும் வெளிச்சமும் இல்லாத நெருக்கமான வீடுகள்தான் காரணம் என்று அன்றைய அரசாங்கம் நினைத்தது. 1898-ல் பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் என்ற அமைப்பை ஏற்படுத்தி, ஊருக்கு வடக்கே தாதர், மாட்டுங்கா பகுதிகளில் வயலும் தோப்புமாக இருந்த நிலத்தை வாங்கி, தெரு போட்டு, மனை பிரித்தது. அகலமான சாலைகள், இரண்டு பக்கமும் மரங்கள், பெரும்பாலும் தரைத்தளமும் அதற்கு மேல் இரண்டு மாடிகளுமாகக் கட்டடங்கள். 1920-களிலும் 30-களிலும் அந்தக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த அதே சமயத்தில்தான், பாலக்காடு, திருநெல்வேலி, தஞ்சாவூர் பக்கங்களிலிருந்து டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட் சர்டிபிகேட்டுடன் நம்மவர்கள் ரயிலேறி வந்து இறங்கினார்கள். மற்ற இடங்களில் இருந்த ‘சால்’ வீடுகளில் ஒரு மாடிக்கே பொதுவாகக் கக்கூஸும் குழாயும் இருந்தன. மாட்டுங்காவிலோ ஒவ்வொரு குடித்தனத்துக்கும் சமையலறை, குளியலறை எல்லாம் கதவுக்கு உள்ளேயே. மடி, ஆசாரம் பார்த்த நம் பாட்டிமார்களுக்கு அது பெரிய சௌகரியம். அதே சமயம் கக்கூஸ் வீட்டுக்குள்ளேயே இருப்பது பெரிய அதிர்ச்சியும்கூட. மாட்டுங்காவில் தென்னிந்தியர்கள் ஃப்ளாட் வாழ்க்கைக்குப் பழகிய கதையைச் சரித்திர ஆசிரியர் நிகில் ராவ் 2013-ல் ஒரு புத்தகமாகவே எழுதியிருக்கிறார்.

எங்கள் கட்டடம் தெலங் ரோடில் இருந்தது. 1946-ல் என் தகப்பனார் அங்கே முதல் மாடியில் இரண்டு அறையும் ஒரு சமையலறையும் உள்ள ஜாகையை வாடகைக்குப் பிடித்தார். கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா அவர். நான் 1950-ல் அந்த வீட்டில் மூன்றாவது குழந்தையாகப் பிறந்தேன். பாட்டியையும் சேர்த்து நாங்கள் எட்டு பேர்.

தாத்தா கல்பாத்தியிலிருந்து முதல் தடவை வந்தபோது, தெருவைப் பார்த்துவிட்டு அப்பாவிடம், "ஏண்டா, கடைத்தெருவிலயாடா ஜாகை பிடிச்சிருக்கே?" என்று கேட்டாராம். அவருடைய சங்கடத்தில் நியாயம் உண்டு. அக்ரஹாரத்தில் கடை கிடையாது. கடைத்தெரு தனி, நாம் குடியிருக்கும் தெரு தனி. ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் திண்ணை இருக்கும். போகிறவர் வருகிறவர் எல்லோரும் திண்ணைக்குத் தெரிந்துதான் போக வேண்டும். யாராத்துக் குழந்தைக்கு ஜுரம், யாராத்தில் இன்னும் அடுப்பு மூட்டவில்லை என்பதெல்லாம் காலை எட்டு மணிக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். மாட்டுங்கா ஃப்ளாட்டில் எல்லாம் இருந்தது, திண்ணை மட்டும் இல்லை. அந்த இடத்தைக் கீழே இருந்த கடைகள் எடுத்துக்கொண்டன.

எங்கள் வீட்டுக்கு நேர் கீழே நாலு கடைகள். முதலாவது ஒரு கச்சிக்காரச் சேட்டின் பலசரக்குக் கடை. இரண்டாவது பாலக்காட்டு மாமா ஒருவரின் காப்பிப் பொடிக் கடை. மூன்றாவது ஒரு மராட்டியர் நடத்திய மாவு மில். பம்பாய் பாஷையில் ‘சக்கி’. நாலாவது உத்தரப் பிரதேசத்து பையாவின் இஸ்திரிக் கடை. பக்கவாட்டுச் சந்தில் ஒரு அம்மாள் வாழை இலையும் பூவும் விற்பார். 

காலை நாலரைக்குக் குழாயில் தண்ணீர் வரும். ஐந்தரைக்கு ஆரே பால் பூத்தில் கண்ணாடிப் பாட்டில்கள் மோதும் சத்தம். ஆறு மணிக்குச் சேட் கடையின் ஷட்டர் ஏறும். ஏழரைக்குக் காப்பிக்கொட்டை வறுக்க ஆரம்பிப்பார்கள். சூடான காற்று மேலே எழும்பும் என்பதைப் பிற்பாடு கல்லூரியில் படித்தேன். எங்கள் மூக்கு அதை முன்பே படித்துவிட்டது. சமையலறை ஜன்னல் வழியாக வறுத்த வாசனை ஏறி வந்தால் அது பீபெர்ரியா, பிளான்டேஷனா என்று பாட்டி இருந்த இடத்திலிருந்தே சொல்வாள். சிக்கரி கொஞ்சம் கூடிப்போனால் பால்கனியிலிருந்தே கண்டனம் போகும். ஒன்பது மணிக்குச் சக்கி ஓட ஆரம்பித்தால் தரையே மெல்ல அதிரும். கூஜாத் தண்ணீரில் வட்ட வட்டமாக அலை தெரியும். பி.எஸ்ஸி.யில் அதிர்வுகள் பற்றிய பாடத்தில் எனக்கு நல்ல மார்க் வந்ததற்கு அந்தக் கூஜாவும் ஒரு காரணம்.

சக்கிக்காரருக்கும் அம்மாவுக்கும் வருஷத்துக்கு ஒருமுறை ஒரு பேச்சுவார்த்தை நடக்கும். தீபாவளி முறுக்குக்கு அரிசி அரைக்க வேண்டும். கோதுமை அரைத்த கல்லில் அப்படியே அரிசியைப் போட்டால் மாவு கலந்துவிடும். அதனால் ஒரு நாள் குறித்து, கல்லைத் துடைத்து, மாட்டுங்காத் தென்னிந்தியர்களின் அரிசியை மட்டும் வரிசையாக அரைத்துக் கொடுப்பார். எந்த டப்பா யாருடையது என்று அவருக்குப் பார்த்தவுடன் தெரியும். தீபாவளி அன்று விடியற்காலை நாலு மணிக்கு எங்களுக்கு எண்ணெய் ஸ்நானம். சேட்டுக்குச் சாயங்காலம்தான் தீபாவளி. சிவப்புத் துணி போட்டுத் தைத்த புதுக் கணக்குப் புத்தகத்துக்குக் குங்குமம் இட்டு ‘சோப்டா பூஜை’ செய்வார். மேலேயிருந்து முறுக்குத் தட்டு கீழே போகும், கீழேயிருந்து பேடா மேலே வரும்.

சாமான் வாங்க மாடிப்படி இறங்க வேண்டியதில்லை. பால்கனியிலிருந்து கயிறு கட்டிய கூடையில் சீட்டு எழுதி இறக்கினால், துவரம் பருப்பும் வெல்லமும் அதே கூடையில் ஏறி வரும். காசு மாதம் முதல் தேதி. 1957 ஏப்ரல் 1-ம் தேதி நயா பைசா வந்தபோது எனக்கு ஏழு வயது. ஒரு அணாவுக்கு ஆறேகால் நயா பைசா என்றால், மூன்று அணா சாமானுக்குப் பத்தொன்பது கொடுப்பதா, பதினெட்டேமுக்கால் கொடுப்பதா? பள்ளிக்கூடத்தில் குழம்பிய அந்தக் கணக்கைச் சேட் கடைப் பலகையில் உட்கார வைத்து எனக்குச் சொல்லிக்கொடுத்தார். பிறகு சேர் போய் கிலோ வந்தபோதும் அதே பலகையில்தான் பாடம்.

கட்டடத்திலேயே டெலிபோன் இருந்தது காப்பிக் கடையில் மட்டும்தான். எங்கள் உறவினர்கள் எல்லோரிடமும் அந்த நம்பர் ‘பி.பி.’ என்று குறிப்பிட்டு இருந்தது. அக்காவின் கல்யாணப் பத்திரிகையிலும் அதுதான் அச்சானது. டிரங்க் கால் வந்தால் கடைப் பையன் மேலே பார்த்துக் கத்துவான். ஆனால் 1961-ல் தாத்தா காலமான செய்தி வந்தபோது பையன் கத்தவில்லை. மாமாவே கடையை விட்டு ஏறி வந்து, அப்பாவை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுக்கச் சொல்லி, பிறகுதான் விஷயத்தைச் சொன்னார்.

1965-ல் அப்பாவின் கம்பெனியில் கதவடைப்பு. ஏழு மாதம் சம்பளம் இல்லை. வருஷக் கடைசியில் அரிசித் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது. மூன்றாவது மாதம் அப்பாவுக்குக் கௌரவம் இடித்தது. கூடை இறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இரண்டு நாள் கூடை இறங்கவில்லை. மூன்றாம் நாள் சேட் மாடியேறி வந்தார். "ஐயர் சாப், நீங்கள் வாங்குவதால் எனக்குக் கவலை இல்லை. வாங்காமல் இருந்தால் குழந்தைகள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்று ஹிந்தியில் கேட்டார். அன்று சாயங்காலமே கூடை இறங்கியது. அந்த ஏழு மாதக் கடனை அப்பா இரண்டு வருஷத்தில் அடைத்தார். சேட் வட்டி போடவில்லை. ஆனால் தர்மமாகவும் கொடுக்கவில்லை. ஒவ்வொரு பைசாவும் சிவப்புப் புத்தகத்தில் எழுதப்பட்டிருந்தது. எழுதப்பட்டதால்தான் அப்பாவால் வாங்கிக்கொள்ள முடிந்தது. 

அறுபதுகளின் பிற்பகுதியில் பம்பாயில் தென்னிந்தியர்களுக்கு எதிராகக் கோஷம் எழுந்ததும், உடுப்பி ஹோட்டல்கள் மீது கல் விழுந்ததும் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு நாள் இரவு கூட்டம் ஒன்று எங்கள் தெருப் பக்கம் வருகிறது என்று பேச்சு. சக்கிக்கார மராட்டியர் மில்லைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. எங்கள் மாடிப்படியின் கடைசிப் படியில் ஒரு கோணியைப் போட்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தார். கூட்டம் வரவில்லை. காலையில் அம்மா காப்பி கொடுத்தாள். குடித்துவிட்டு ஷட்டரைத் திறந்தார். அதைப் பற்றி அவரும் பேசியதில்லை, அப்பாவும் பேசியதில்லை.

எல்லாம் பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. அந்த மாடிப்படியில் எல்லோரும் ஏறிவிட முடியவில்லை. பக்கத்திலேயே தாராவி. அங்கும் நம் திருநெல்வேலிச் சீமை ஜனங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே வந்து, தோல் பதனிடும் தொழிலில் உழைத்தவர்கள். இலை விற்ற அம்மாள் அங்கிருந்துதான் தினமும் நடந்து வருவார். எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் சிராத்தத்துக்கும் இலை அவருடையது. ஆனால் எங்கள் கட்டடத்தில் யாருக்கு ஜாகை கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்பதில் ஜாதி ஒரு பெரிய கதவாக இருந்தது. கடை வாசலில் இருந்த சமத்துவம் மாடிக்கு வந்து சேரவில்லை. இதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தத் தெருவைப் பற்றி முழுமையாகச் சொன்னதாகும்.

இனி அம்மா விஷயத்துக்கு வருகிறேன். அப்பா 1984-ல் காலமானார். அண்ணா டில்லியில், அக்கா கோயம்புத்தூரில், தம்பிகள் இருவர் வெளிநாட்டில், நான் அரசாங்க உத்தியோகத்தில் மாற்றலாகி மாற்றலாகி ஊர் ஊராக. எல்லோரும் கூப்பிட்டோம். "எனக்கு இங்கே கீழே மனுஷா இருக்கா, நான் வரலை" என்று சொல்லிவிட்டாள். 1999 மழைக்காலத்தில் ஒரு நாள் காலை ஏழரை வரை பால் கூடை இறங்கவில்லை. கடையில் அப்போது சேட்டின் மகன். பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, அவரிடம் கொடுத்து வைத்திருந்த சாவியுடன் பையனை மேலே அனுப்பினார். அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, கூப்பிடக் குரல் எழும்பாமல் கிடந்தாள். இஸ்திரிக் கடையின் பெஞ்சில் படுக்க வைத்துத் தூக்கி இறக்கினார்கள். நாக்பூரிலிருந்து நான் வந்து சேர்வதற்குள் ஆபரேஷன் முடிந்திருந்தது. அதற்குப் பிறகு அம்மா ஏழு வருஷம் இருந்தாள். என் பேத்தியைப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

ஒரு கடைக்காரர் கூடையைக் கவனித்தது தற்செயல் இல்லை. ஜேன் ஜேக்கப்ஸ் என்ற அமெரிக்க மாது நியூயார்க்கில் கடைகள் நிறைந்த ஹட்சன் தெருவில் குடியிருந்தவர். அமெரிக்க நகரங்களைப் பற்றி 1961-ல் அவர் எழுதிய புத்தகம் உலகப் பிரசித்தம். கடையும் வீடும் கலந்த தெருவில் எப்போதும் யாராவது பார்த்துக்கொண்டே இருப்பார்கள், அதுதான் அந்தத் தெருவின் பாதுகாப்பு என்பது அவர் கட்சி. ஊருக்குப் போகிறவர்கள் வீட்டுச் சாவியைக் கடைக்காரரிடம் கொடுத்துவைக்கும் வழக்கத்தையும் எழுதியிருக்கிறார். மாட்டுங்காவும் நியூயார்க்கும் ஒரே மாதிரி நடந்துகொண்டதற்குக் காரணம் எளிமையானது. கடைக்காரர் தினமும் பதினாலு மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். யார் எப்போது வருவார், என்ன வாங்குவார் என்று தெரிந்திருப்பது அவருடைய பிழைப்பு. அந்தப் பழக்கத்தால், ஒருவர் வராவிட்டாலும் அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

அந்த வீடுகள் இன்று ஏன் மறைகின்றன? 1947 வாடகைச் சட்டத்தின்படி, பழைய கட்டடங்களின் வாடகை 1940 செப்டம்பர் அளவிலேயே உறைந்து நின்றது. குடியிருந்தவர்களுக்கு அதனால் வாழ்வு கிடைத்தது. சொந்தக்காரருக்கு ரிப்பேர் செய்யப் பணமும் இல்லை, மனமும் இல்லை. கடல்காற்றில் ஈரமும் உப்பும் கான்கிரீட்டுக்குள் இறங்கி உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு, இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த அழுத்தத்தில் கூரை வெடித்துப் பாளம் பாளமாக விழும். 1969-ல் பழுதுபார்ப்பு வாரியம் ஒன்றை அரசு அமைத்து, தனி வரி வசூலித்து முட்டுக் கொடுத்துப் பார்த்தது. 2000 மார்ச் 31 முதல் அமலான புதிய வாடகைச் சட்டம் வருஷத்துக்கு 4 சதவீதம் உயர்த்த அனுமதித்தது. அடிப்படை வாடகையே சில பத்து ரூபாய் என்றால் 4 சதவீதத்தில் என்ன செய்ய முடியும்? எனவே இடித்துக் கட்டுவதுதான் வழி என்றாயிற்று. எங்கள் கட்டடம் 2014-ல் இடிக்கப்பட்டது. அது நியாயமே. மழையில் கூரை விழும் வீட்டில் யாரையும் குடியிருக்கச் சொல்ல முடியாது.

ஆனால் புதிய கோபுரத்தில் வாகனங்கள் நிறுத்தவே ஏழு தளங்கள். குடித்தனம் எட்டாவது மாடியில்தான் ஆரம்பம். சேட் மகன் நஷ்டஈடு வாங்கிக்கொண்டு முலுண்டுக்குப் போய்விட்டார். சக்கியும் இஸ்திரிக் கடையும் திரும்பவில்லை. நான் இப்போது இருப்பது செம்பூரில், பதினாலாவது மாடியில். லிஃப்ட், ஜெனரேட்டர், காவலாளி எல்லாம் உண்டு. பத்து நிமிஷத்தில் கறிவேப்பிலை கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்கள். தினமும் ஒரு புதுப் பையன். நான் நாளைக்கு எதுவும் வாங்காவிட்டால் அந்த மொபைல் ஆப் ஒரு தள்ளுபடிக் கூப்பன் அனுப்பும், அவ்வளவுதான்.

மாட்டுங்காவே மறைந்துவிடவில்லை. கிங்ஸ் சர்க்கிளில் 1940-ல் தொடங்கிய கஃபே மெட்ராஸ் வாசலில் இன்றும் வரிசை நிற்கிறது. ஸ்டேஷன் அருகே ராம நாயக் 1942-ல் தொடங்கிய உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங்கில் இன்றும் மாடியேறிப் போய்த்தான் இலைச் சாப்பாடு சாப்பிடுகிறோம். பூக்கடைகளும் இருக்கின்றன. நான் கேட்பது இவற்றைப் படம் எடுத்து வைக்க வேண்டும் என்பதல்ல. இந்தப் பத்திரிகை போய்ச் சேரும் ஊர்களிலெல்லாம் தனியாக இருக்கும் பெற்றோர்களும், அவர்களைப் பற்றித் தூரத்திலிருந்து கவலைப்படும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாலு விண்ணப்பங்கள்.

ஒன்று: அப்பா அம்மாவுக்கு வீடு பார்க்கும்போது, நீச்சல் குளம் இருக்கிறதா என்பதற்கு முன்னால், அவர்கள் தாமே நடந்து போகும் தூரத்தில் ஒரு கடை இருக்கிறதா என்று பாருங்கள். மெயின் ரோடிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே, சுற்றுச்சுவருக்குள் இருக்கும் ‘அமைதியான’ இடம் எழுபது வயதுக்கு மேல் அவ்வளவு நல்லதல்ல.

இரண்டு: உங்கள் பழைய கட்டடம் மறுகட்டுமானத்துக்குப் போகிறது என்றால், கூட்டத்தில் எத்தனை சதுர அடி என்று மட்டும் கேட்காதீர்கள். கீழே இருக்கும் கடைக்காரர்களுக்குத் தெருவைப் பார்த்தபடி அதே இடத்தில் கடை உண்டா என்றும் கேளுங்கள். சட்டப்படி அவர்களும் குடித்தனக்காரர்கள்தான். நாம் சேர்ந்து குரல் கொடுத்தால் வரைபடம் மாறும்.

மூன்று: எல்லாவற்றையும் மொபைலில் வாங்காதீர்கள். பாலும் கறிகாயுமாவது பக்கத்துக் கடையில் வாங்குங்கள். இரண்டு ரூபாய் கூட இருக்கலாம். கடைக்காரருக்கு உங்கள் பெயர் தெரியட்டும், உங்கள் பிள்ளையின் நம்பரும் அவரிடம் இருக்கட்டும்.

நாலு: கடையே இல்லாத இடங்களில் இருப்பவர்களுக்கு நம் சங்கக் கிளைகள் அந்த வேலையைச் செய்யலாம். தனியாக இருக்கும் மூத்த உறுப்பினர்களின் பட்டியல் ஒன்று. தினமும் காலை எட்டு மணிக்குள் ஒருவருக்கொருவர் போன். எடுக்காவிட்டால் யார் நேரில் போய்ப் பார்ப்பது, மாற்றுச் சாவி யாரிடம் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். இதற்கு நிதி வேண்டாம், கட்டடம் வேண்டாம். செம்பூரில் நாங்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து இதை ஆரம்பித்திருக்கிறோம். எனக்கு ஒதுக்கப்பட்டிருப்பது காலை ஏழரை மணி. மூன்று பேருக்கு நான் போன் செய்ய வேண்டும், ஒருவர் எனக்குச் செய்வார். மற்ற ஊர்க் கிளைகள் விவரம் கேட்டால் எழுதி அனுப்பத் தயாராக இருக்கிறேன்.